டர்போவுக்கு ஆயில் ஸ்காவஞ்ச் பம்ப்: அளந்து, கணக்குப் போட்டு, அப்புறம் வாங்குங்கள்

டர்போவை இன்ஜினுக்குக் கீழேயோ காரின் பின்பக்கத்திலோ பொருத்த முடிவானதும், புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் முதலில், டர்போவின் ஆயிலை இழுத்து இன்ஜினுக்குத் திருப்பி அனுப்பும் ஸ்காவஞ்ச் பம்பைத்தான் வாங்குகிறார்கள். அட்டைப் பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கைப் பார்த்து வாங்கி, இருக்கும் இடத்தில் பொருத்தி, சைலன்சரில் நீலப் புகை வந்ததும் டர்போவைக் கழற்றுகிறார்கள். டர்போவில் கோளாறு இருக்காது. உள்ளே போன ஆயில் வெளியேற வழியில்லாமல் சீலைத் தாண்டிக் கசிந்திருக்கும்.

டர்போவின் சீல் ரப்பரால் ஆனதல்ல. பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையம் அது. ஷாஃப்ட்டும் பேரிங்கும் இருக்கும் நடுக்கூட்டில் ஆயில் தேங்காதவரை மட்டுமே அதனால் தடுக்க முடியும். ஆயில் மட்டம் ஷாஃப்ட் வரை ஏறிவிட்டால் எவ்வளவு நல்ல டர்போவும் ஒழுகும். ஸ்காவஞ்ச் பம்பின் வேலை அந்தக் கூட்டை எப்போதும் காலியாக வைத்திருப்பது. கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் எண் அடுத்த படிக்கு வேண்டும்.

தொடங்கும் முன்

டர்போ தயாரிப்பாளர் தந்த ஆயில் குறிப்பு உங்களிடம் இருக்க வேண்டும். அதில் ஆயில் அழுத்தம், ரெஸ்ட்ரிக்டர் (டர்போவுக்குள் போகும் ஆயிலைக் கட்டுப்படுத்தும் சிறு துளை) அளவு, ட்ரெயின் (ஆயில் வெளியேறும் வழி) கோணம் ஆகிய மூன்றையும் பாருங்கள். அடுத்து, உங்கள் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிலும் அதிக ஆர்பிஎம்மிலும் ஆயில் அழுத்தம் எவ்வளவு என்பதை ஒரு நல்ல கேஜ் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டில் இருக்கும் முள்ளை நம்ப வேண்டாம். பல கார்களில் அது உண்மையான அழுத்தத்தைக் காட்டுவதில்லை.

கருவி என்று பார்த்தால், அளவுக்கோடு போட்ட உலோகப் பாத்திரம், சூடான ஆயிலைத் தாங்கும் ஹோஸ், ஸ்டாப்வாட்ச், டிசி மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர், தண்ணீர் நிரப்பிய நீளமான டியூப் லெவல் ஆகியவை போதும். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். சூடான எக்ஸாஸ்ட் அருகே ஆயில் ஹோஸைக் கழற்றப் போகிறோம்.

1. பம்ப் உண்மையிலேயே வேண்டுமா என்று பாருங்கள்

புவியீர்ப்பிலேயே ஆயில் இறங்கிவிடுமானால் பம்ப் வைக்காதீர்கள். மோட்டார், ரிலே, ஃபியூஸ், வால்வு என்று எத்தனை சேர்க்கிறோமோ, கெட்டுப்போக அத்தனை பொருட்கள் சேரும். சாதாரண ட்ரெயின் ஹோஸ் மட்டும் என்றால் கெட்டுப்போக அதில் ஒன்றுமே இல்லை.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கின் மேல் குறி எந்த உயரத்தில் வருகிறது என்பதை டியூப் லெவல் வைத்து வெளியே குறியுங்கள். அதுதான் சம்ப்பின் (இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் கலம்) ஆயில் மட்டம். டர்போவின் ட்ரெயின் வாய் அதற்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இன்ஜினில் ஹோஸ் சேரும் இடம் அந்த மட்டத்துக்கு மேலே வருகிறதா, இரண்டுக்கும் நடுவில் ஹோஸ் தொய்வில்லாமல் இறங்கிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். டர்போவின் ட்ரெயின் வாய் நேர்க்கீழிலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. சாய்ந்திருந்தால் நடுக்கூட்டைத் திருப்பி வைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

நின்றிருக்கும் காரில் மட்டும் அளந்துவிட்டு முடிவெடுப்பது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. ட்ரெயின் வாய் 3 செ.மீ. மட்டுமே உயரத்தில் இருந்து, ஹோஸ் 40 செ.மீ. கிடையாகப் போகிறது என்றால், வண்டி 4 டிகிரிக்குச் சற்று மேல் சாய்ந்தாலே சரிவு காணாமல் போய்விடும். புவியீர்ப்பின் 0.3 பங்கு வேகமுடுக்கம், ஆயிலைப் பொறுத்தவரை வண்டி 17 டிகிரி சாய்ந்ததற்குச் சமம். அழுத்திப் பிரேக் பிடித்தால் அதைவிட அதிகம். இப்படி விளிம்பில் இருக்கும் அமைப்பு ஐடிலில் நன்றாக இருக்கும், வளைவிலும் பிரேக்கிலும் புகையும். டர்போவைத் தாங்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மாற்றி அதைச் சில சென்டிமீட்டர் உயர்த்த முடிந்தால் அதுவே சிறந்த தீர்வு. முடியாவிட்டால் தயங்காமல் பம்புக்குப் போங்கள்.

2. டர்போவுக்குள் போகும் ஆயிலைச் சரியான அளவுக்குக் கொண்டுவாருங்கள்

உள்ளே போவது முழுக்க வெளியே வந்தாக வேண்டும். அதனால் தேவைக்கு மேல் ஆயில் ஊட்டிவிட்டு அதை இழுக்கப் பெரிய பம்ப் தேடுவது வீண் வேலை. முதலில் உள்ளே போகும் அளவைச் சரிசெய்யுங்கள்.

பால் பேரிங் டர்போவுக்குக் குறைந்த ஆயிலே போதும். அதிக அழுத்தம் உள்ள இன்ஜினில் சுமார் 1 மி.மீ. துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் போடச் சொல்வது வழக்கம். ஜர்னல் பேரிங் டர்போவின் ஷாஃப்ட் ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. அதற்கு ஆயில் கூடுதலாக வேண்டும். ரெஸ்ட்ரிக்டர் போடுவதாக இருந்தால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள். புகையைக் குறைக்க ஊட்டும் துளையைச் சின்னதாக்கும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். புகை குறையும், பேரிங் தேயும்.

ஒரு மதிப்பீடு: சூடான ஆயில் 4 பார் அழுத்தத்தில் 1 மி.மீ. துளை வழியாக நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 லிட்டர் போகும். துளையை 1.5 மி.மீ. ஆக்கினால் பரப்பு 2.25 மடங்காகிறது, ஆயிலும் அதே மடங்கு கூடும். ரெஸ்ட்ரிக்டரில் அரை மி.மீ. மாறினாலே பம்பின் அளவு மாறிப்போகும்.

3. வெளியே வரும் ஆயிலை அளந்து பாருங்கள்

பெரும்பாலோர் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான். ஆனால் முழு வேலையிலும் மிகப் பயனுள்ள எண் இங்கேதான் கிடைக்கிறது.

இன்ஜினை நன்றாகச் சூடாக்கி நிறுத்துங்கள். டர்போவின் ட்ரெயினில் ஒரு ஹோஸ் பொருத்தி, மறுமுனையை டர்போவைவிடத் தாழ்வாக வைத்த உலோகப் பாத்திரத்தில் விடுங்கள். பிறகு ஐடிலில் 30 நொடி ஓட்டி நிறுத்திக் குறியுங்கள். பாத்திரத்தைக் காலி செய்து, ஆயில் அளவைத் திரும்ப நிரப்பி, 3000 ஆர்பிஎம்மில் இன்னொரு 30 நொடி. பாத்திரத்துக்குப் போவது இன்ஜினின் ஆயில் என்பதை மறக்காதீர்கள். நிமிடத்துக்கு 2 லிட்டர் வரும் டர்போ 30 நொடியில் 1 லிட்டரை வெளியேற்றிவிடும். அதற்கு மேல் ஓட்டினால் டிப்ஸ்டிக்கின் கீழ்க்குறிக்கும் கீழே போய்விடலாம்.

ஒவ்வொரு முறையும் இரண்டு மட்டங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று நிறுத்திய உடனே இருக்கும் மட்டம், மற்றொன்று நுரை அடங்கிய பிறகு இருக்கும் மட்டம். டர்போவிலிருந்து வருவது சுத்தமான திரவமல்ல. சுழலும் ஷாஃப்ட் அடித்த காற்றும், சீல் வளையத்தைத் தாண்டி வந்த வாயுவும் கலந்த சோப்பு நுரை மாதிரியான ஒன்று. பம்ப் இழுக்க வேண்டியது அந்த நுரையின் மொத்தக் கன அளவை. இரண்டு மட்டங்களின் விகிதம், நுரை எத்தனை மடங்கு என்பதைச் சொல்லிவிடும்.

டர்போவை இன்னும் பொருத்தவே இல்லை என்றால், முந்தைய படியில் சொன்ன துளைக் கணக்கை வைத்துத் தொடங்கலாம். ஆனால் பொருத்திய பிறகு ஒரு முறையாவது அளந்துவிடுங்கள்.

4. பம்புக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடுங்கள்

ஓர் எடுத்துக்காட்டு. 3000 ஆர்பிஎம்மில், 4 பார் அழுத்தத்தில், அடங்கிய ஆயில் நிமிடத்துக்கு 1.9 லிட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். உச்ச ஆர்பிஎம்மில் அழுத்தம் 5 பார். துளை வழியே போகும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறும் என்பதால், 1.9 லிட்டர் ஏறக்குறைய 2.1 லிட்டராகும். நுரை விகிதம் 1.5 என்றால் 3.2 லிட்டர் கிட்ட வருகிறது.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். அளந்தபோது பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) இல்லை. சுமையில் ஓடும்போது சீலைத் தாண்டி வரும் வாயு கூடும். பம்ப் நாளடைவில் தேயவும் செய்யும். அதனால் அடங்கிய ஆயில் அளவைப்போல் இரண்டிலிருந்து மூன்று மடங்கு இழுக்கும் பம்பாகப் பாருங்கள். இந்த எடுத்துக்காட்டுக்கு 5 முதல் 6 லிட்டர் நல்ல இலக்கு.

சரி, 15 லிட்டர் பம்ப் இன்னும் பாதுகாப்பாக இருக்காதா? இருக்காது. அது பெரும்பாலான நேரம் காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருக்கும். அந்தக் காற்று இன்ஜினின் கிராங்க்கேஸுக்குள் போய், அங்குள்ள வாயுவை வெளியேற்றும் பிரீதருக்கு வேலையைக் கூட்டும், ஆயிலை இன்னும் நுரைக்க வைக்கும், மின்சாரத்தையும் அதிகம் தின்னும், சத்தமும் போடும்.

5. பம்பின் வகையை முடிவு செய்யுங்கள்

நடைமுறையில் மூன்று வகைகளை மட்டும் பார்த்தால் போதும்.

கியர் பம்ப், அதன் நெருங்கிய உறவான ஜெரோட்டர் பம்ப். உலோகப் பற்களுக்கு இடையில் ஆயிலைப் பிடித்துத் தள்ளுபவை. வெப்பம் தாங்கும், அடர்த்தியான ஆயிலைத் தள்ளும், அளவில் சின்னவை. அவற்றின் பலவீனம் மெலிந்த ஆயில். மிகச் சூடான ஆயில் பற்களின் இடைவெளி வழியே பின்னோக்கி நழுவும், வெளியேற்றும் பக்கத்தில் அழுத்தம் கூடினால் இன்னும் நழுவும். சிறு உலோகத் துகள் போனாலும் சிக்கிக்கொள்ளும். உலர்ந்த நிலையில் காற்றை இழுத்து ஆயிலைத் தூக்கும் திறனும் குறைவு.

டயாஃப்ரம் பம்ப். காற்றையும் ஆயிலையும் மாறி மாறி இழுப்பதில் வல்லது. உலர்ந்து ஓடினாலும் உடனே கெட்டுப்போகாது. சிறு துகள்களை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆனால் உள்ளே இருக்கும் சின்ன வால்வுகள் வழியே குளிர்ந்த கெட்டி ஆயில் எளிதில் போகாது. அதன் ரப்பர் தாங்கும் வெப்பத்துக்கும் வரம்பு உண்டு.

ஆக, கியர் பம்ப் சூட்டில் தடுமாறும், டயாஃப்ரம் பம்ப் குளிரில் தடுமாறும். டர்போ ஸ்காவஞ்சுக்கு என்றே செய்யப்பட்ட உலோக கியர் பம்பைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். குளிரில் தடுமாறுவது காலையில் சில நிமிடம் என்று தோன்றலாம். ஆனால் புகையும் ஒழுகலும் தொடங்குவது அந்தச் சில நிமிடங்களில்தான்.

மூன்றாவது, இன்ஜினே ஓட்டும் பம்ப். போர்ஷே 930 காரில் டர்போவின் ஆயிலை இழுக்கும் பம்பை கேம்ஷாஃப்ட் ஓட்டுகிறது. இன்ஜின் ஓடும்வரை பம்பும் ஓடும், ஃபியூஸ் போகும் பயமே இல்லை. உங்கள் இன்ஜினில் பெல்ட்டிலோ கேமிலோ அப்படி ஓட்ட வசதி இருந்தால், மெஷினிங் வேலையைப் பார்த்து மலைக்காமல் யோசிக்க வேண்டிய வழி இது. பெரும்பாலான இன்ஜின்களில் அந்த வசதி கிடையாது.

வேறு வேலைக்கு வந்த பம்புகளைத் தவிர்த்துவிடுங்கள். பெட்ரோல் பம்ப் மெல்லிய திரவத்துக்கானது, கெட்டி ஆயில் அதன் மோட்டாரை வதைக்கும். சாதாரண தண்ணீர் பம்பின் இம்பெல்லர் நுரையில் வெறுமனே சுற்றும், எதையும் இழுக்காது.

6. வெப்பமும் ரப்பரும்: இங்கே நிதானமாக இருங்கள்

நான் பார்த்த கெட்டுப்போன பம்புகளில் மோட்டார் எரிந்தவை குறைவு. பெரும்பாலானவற்றில் சீலோ டயாஃப்ரமோதான் போயிருந்தது.

சம்ப்பில் 100 டிகிரியில் இருக்கும் ஆயில், டர்போ வழியாக வரும்போது இன்னும் சூடாகிவிடும். கடுமையாக ஓட்டும்போது 130, 140 டிகிரியில் அது வெளியே வந்தால் வியப்பில்லை. இன்ஜினை நிறுத்திய பிறகு, எக்ஸாஸ்ட் சுழற்றும் டர்பைன் பக்கத்தின் சூடு நடுக்கூட்டுக்குள் ஊறும். அந்த ஆயில் முதலில் சந்திப்பது உங்கள் பம்பின் ரப்பரை.

நைட்ரைல் ரப்பர் ஆயிலோடு ஒத்துப்போகும், ஆனால் 100 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் இருந்தால் கெட்டியாகி வெடிக்கத் தொடங்கும். வைட்டான் என்று விற்கப்படும் ஃப்ளோரோ ரப்பர் 200 டிகிரி வரை தாங்கும், ஆயிலும் அதை ஒன்றும் செய்யாது. இபிடிஎம் ரப்பர் கூலன்டுக்கும் தண்ணீருக்கும் சிறந்தது, இன்ஜின் ஆயில் பட்டால் ஊதிப் பருத்துவிடும். தண்ணீர் டயாஃப்ரம் பம்பை ஆயிலுக்கு வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். பம்ப் முதல் வாரம் அழகாக ஓடும்.

வாங்கும் முன் விற்பவரிடம் எழுத்தில் பதில் கேட்க வேண்டிய சில கேள்விகள் உண்டு. ஷாஃப்ட் சீலும் ஓ-ரிங்கும் எந்த ரப்பர்? திரவம் எத்தனை டிகிரி வரை தாங்கும்? அந்த எண் தொடர்ந்து ஓடும்போதா, கொஞ்ச நேரத்துக்கு மட்டுமா? மோட்டார் தொடர் ஓட்டத்துக்கானதா? சில பம்புகள் சிறிது நேரம் ஓடி அப்புறம் ஓய்வெடுக்க வேண்டியவை. டர்போவுக்கு ஓய்வு கிடையாது, இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் பம்பும் ஓட வேண்டும். காற்றோடு உலர்ந்து ஓட அனுமதி உண்டா? நம் கணக்குப்படி பம்ப் பெரிதாக இருப்பதால் அது அடிக்கடி காற்றைத்தான் இழுக்கும்.

இன்னொன்று: சில டயாஃப்ரம் பம்புகளில், அழுத்தம் ஏறினால் தானாக நிற்கும் சுவிட்ச் உள்ளேயே இருக்கும். குழாயை மூடினால் நிற்க வேண்டும் என்பதற்காக வைத்தது. குளிர்ந்த ஆயில் ஹோஸில் அழுத்தத்தை ஏற்றியதும் அந்தச் சுவிட்ச் பம்பை நிறுத்திவிடும். பம்ப் நின்றது உங்களுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட பம்பை வாங்காமல் இருப்பதே நல்லது.

பெட்டியில் எழுதிய லிட்டர் எண் பெரும்பாலும் தண்ணீருக்கானது, எதிர் அழுத்தம் இல்லாமல் அளந்தது. ஆயிலுக்கான அட்டவணை தர முடியாதவரிடம் வாங்க நான் தயங்குவேன்.

7. பொருத்தும் முன் மேஜையில் சோதியுங்கள்

ஆயிலின் பிசுபிசுப்பு எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். எஸ்ஏஇ 40 வகை ஆயில் 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் (பிசுபிசுப்பின் அலகு) வரை இருக்கும். 40 டிகிரியில் 90, 100 என்று ஏறிவிடும். குளிர்காலக் காலையில் இன்னும் பல மடங்கு. ஒரே பம்ப் இரண்டு முனைகளையும் சமாளிக்க வேண்டும்.

நீங்கள் பயன்படுத்தப் போகும் அதே ஆயிலில் இரண்டு முறை சோதியுங்கள். முதலில் இரவு முழுக்க வெளியே வைத்த குளிர்ந்த ஆயில். அடுத்தது, நீண்ட ஓட்டம் முடிந்த உடனே சம்ப்பிலிருந்து இறக்கிய ஆயில். அடுப்பில் ஆயிலைச் சூடாக்க வேண்டாம், தீப்பற்றும். காரில் வரப்போகும் அதே நீளம், அதே உள்விட்டம் உள்ள ஹோஸைப் பொருத்தி, அதே உயரத்துக்குத் தூக்கி, ஒரு நிமிடத்தில் எவ்வளவு வருகிறது என்று அளந்து பாருங்கள். கூடவே கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டத்தைக் குறியுங்கள். குளிர்ந்த ஆயிலில் கிடைக்கும் ஆம்ப் எண்ணை வைத்துத்தான் பின்னால் ஃபியூஸைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம்.

சோதனையை 13.8 வோல்ட்டிலும், ஒருமுறை 12 வோல்ட்டிலும் செய்யுங்கள். ஐடிலில் விளக்கும் ஃபேனும் ஓடும்போது பம்புக்குக் கிடைப்பது குறைந்த வோல்ட்தான். அப்போதும் இலக்கைத் தொட்டால் பம்ப் தேர்வாகிவிட்டது.

8. தொட்டி, பம்ப் இருக்கும் இடம், ஹோஸ்

டர்போவின் ட்ரெயினில் பம்பை நேராக மாட்டுவதைவிட, நடுவில் கால் லிட்டர் முதல் அரை லிட்டர் வரை கொள்ளும் சின்னத் தொட்டி வைப்பது நல்லது. ஆயில் டர்போவிலிருந்து புவியீர்ப்பில் தொட்டிக்குள் விழும். பம்ப் சில நொடி தடுமாறினாலும் ஆயில் தங்க இடம் இருக்கும். டர்போவுக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள ஹோஸ் குட்டையாகவும், 12 மி.மீ.க்குக் குறையாத உள்விட்டத்துடனும், முடிந்தவரை நேர்க்கீழாகவும் இருக்கட்டும். இடம் இருந்தால் ஏஎன்-10 என்ற இன்னும் பெரிய ஹோஸ் அளவை வையுங்கள்.

தொட்டிக்குக் காற்று வழி வைப்பதாக இருந்தால் அந்த ஹோஸை மேலே வால்வு கவர் வரை கொண்டுபோங்கள். வெளிக்காற்றில் திறந்து விட்டால், பம்ப் நின்ற நாளில் சூடான ஆயில் எக்ஸாஸ்ட் மேல் கொட்டும்.

பம்ப் தொட்டிக்கும் கீழே, மிக அருகில் இருக்க வேண்டும். இழுக்கும் பக்கத்தில் பம்புக்கு உதவ வளிமண்டல அழுத்தம் மட்டுமே உண்டு. அங்கே ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு அங்குல உயரமும் பம்பின் திறனை அரிக்கும். தள்ளும் பக்கத்தில் நீளம் கூடினால் ஓரளவு சமாளிக்கலாம். பம்பை இன்ஜின் பேயில் வசதியாக மேலே வைத்துவிட்டு, பின்பக்க டர்போவிலிருந்து ஆயிலை இழுக்க வைக்கும் அமைப்புகளை அடிக்கடி பார்க்கிறேன். சூட்டில் ஒருவாறு ஓடும், குளிரில் இழுக்காது.

துகள்களைத் தடுக்க, பம்புக்கு முன்னால் அகலமான உலோக வலை வடிகட்டி போடுங்கள். காகித ஃபில்ட்டர் கூடாது. குளிர்ந்த ஆயிலை அது அடைத்துவிடும்.

திரும்பிப் போகும் ஹோஸின் விட்டத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பின்பக்க டர்போவிலிருந்து 4 மீட்டர் ஹோஸ், நிமிடத்துக்கு 3 லிட்டர் குளிர்ந்த ஆயில் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 9.5 மி.மீ. உள்விட்டத்தில் உரசல் இழப்பு மட்டும் சுமார் 2 பார் வரும். 12.7 மி.மீ. என்றால் 0.6 பார் அளவுதான். விட்டத்தின் நான்காம் அடுக்கில் இழப்பு மாறுவதால் இவ்வளவு வித்தியாசம். பெரிய பம்ப் வாங்குவதைவிடப் பெரிய ஹோஸ் வாங்குவது பல நேரம் புத்திசாலித்தனம்.

இன்ஜினில் சேரும் இடம் சம்ப்பின் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். வால்வு கவரில் விடுவதானால் பிரீதர் வாயிலிருந்து தள்ளி விடுங்கள். பக்கத்தில் விட்டால் நுரை நேராக இன்டேக்குக்குப் போய், டர்போ ஒழுகுவது போலவே புகை வரும்.

9. நிறுத்திய பிறகு ஆயில் திரும்பி வராமல் தடுங்கள்

இன்ஜினை நிறுத்தியதும் ஹோஸில் நிற்கும் ஆயில் கியர் பம்பின் இடைவெளி வழியே மெல்லப் பின்னோக்கி இறங்கி டர்போவை நிரப்பும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு புகை மூட்டம் வரும், பிறகு சரியாகிவிடும். பம்பின் வெளி வாய்க்குப் பக்கத்தில், ஒரு திசையில் மட்டும் ஆயிலை விடும் செக் வால்வு ஒன்றைப் போட்டால் இது நிற்கும். டயாஃப்ரம் பம்பில் உள்வால்வுகளே பெரும்பாலும் இதைப் பார்த்துக்கொள்ளும்.

டர்போ மிகத் தாழ்வாக இருந்தால், ஊட்டும் ஹோஸ் வழியாகவும் ஆயில் தானாக இறங்கும். அங்கேயும் செக் வால்வு வேண்டியிருக்கலாம். ஆனால் அது திறக்கும் அழுத்தம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். சூடான ஐடிலில் 1 பார் மட்டுமே உள்ள இன்ஜினில், 0.7 பாரில் திறக்கும் வால்வு டர்போவைப் பட்டினி போடும். 0.2 பார் போல ஒன்றைத் தேடுங்கள்.

10. வயரிங்

பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாகத் தனி வயர் இழுங்கள். இருக்கும் ஏதோ ஒரு வயரில் கொக்கி போடாதீர்கள். ஃபியூஸ் பேட்டரிக்கு அருகில் இருக்கட்டும். குளிர்ந்த ஆயிலில் நீங்கள் அளந்த ஆம்ப்பைத் தாங்கும் அளவு ஃபியூஸ், ஃபியூஸைவிட அதிகம் தாங்கும் வயர். சூட்டில் எடுக்கும் ஆம்ப்பைப் பார்த்து ஃபியூஸ் போட்டவர்களுக்கு முதல் குளிர்ந்த காலையில் அது போய்விடும்.

வயரின் கனமும் பம்பின் அளவைப் பாதிக்கும். போக 4 மீட்டர், வர 4 மீட்டர், 10 ஆம்ப் என்றால் 1 சதுர மி.மீ. வயரில் 1.4 வோல்ட் போய்விடும், 2.5 சதுர மி.மீ. வயரில் அரை வோல்ட் சுமார். இப்படி இழக்கும் வோல்ட் பம்பின் வேகத்திலிருந்து போகிறது.

பம்ப் இக்னிஷனோடு தொடங்கி, நிறுத்திய பிறகும் 30 முதல் 60 நொடி ஓடும்படி டைமர் ரிலே வையுங்கள். டர்போ நின்ற பிறகும் நடுக்கூட்டின் சுவரில் ஒட்டிய ஆயில் வழிந்துகொண்டிருக்கும். அதை எடுத்துவிட்டால் அடுத்த ஸ்டார்ட் சுத்தமாக இருக்கும்.

11. எச்சரிக்கை விளக்கு இல்லாமல் சாலைக்குப் போகாதீர்கள்

பம்ப் நின்றால் இன்ஜினின் ஆயில் அழுத்த விளக்கு எரியாது. அழுத்தம் அப்படியே இருக்கும், ஆயில் மட்டும் டர்பைன் வழியாக எரிந்து தீரும். சம்ப் காலியாகும்போதுதான் அந்த விளக்கு எரியும், அதற்குள் தாமதமாகிவிடும்.

பம்புக்குப் போகும் வயரில் ஒரு எல்இடி போட்டுவிட்டுத் திருப்திப்படுபவர்கள் உண்டு. அது கரண்ட் போகிறது என்று மட்டுமே சொல்லும், ஆயில் வருகிறதா என்று சொல்லாது. தொட்டியில் மிதவை சுவிட்ச் வைப்பதே என் கணக்கில் சரியான வழி. மோட்டார் நின்றாலும், கியர் சிக்கினாலும், ஹோஸ் அடைத்தாலும் தொட்டியில் மட்டம் ஏறும், விளக்கு எரியும். விளக்கோடு சின்ன பஸ்ஸரும் சேருங்கள். பூஸ்டில் போகும்போது யாரும் விளக்கைப் பார்ப்பதில்லை.

12. முதல் ஓட்டமும் புகை வந்தால் தேட வேண்டிய இடமும்

பம்புக்குள்ளும் இழுக்கும் ஹோஸிலும் கொஞ்சம் ஆயில் ஊற்றி நனைத்த பிறகே தொடங்குங்கள். உலர்ந்த கியர் பம்ப் ஆயிலைப் பிடிக்க நேரமெடுக்கும். முதலில் இக்னிஷன் மட்டும் போட்டு, பம்ப் சுற்றுகிறதா, திசை சரியா என்று பாருங்கள். ப்ளஸ்ஸும் மைனஸும் மாறினால் டிசி கியர் பம்ப் பின்னோக்கித் தள்ளும். பிறகு இன்ஜினை ஓட்டி, திரும்பும் ஹோஸை இன்ஜின் முனையில் கழற்றிப் பாத்திரத்தில் விட்டு, ஆயில் விட்டு விட்டு, காற்றோடு கலந்து வருகிறதா என்று பாருங்கள். அப்படி வந்தால் நல்ல அறிகுறி, தொட்டி காலியாகிக்கொண்டிருக்கிறது. இடைவெளியே இல்லாமல் ஆயில் மட்டும் வந்தால் பம்ப் அதன் உச்சத்தில் ஓடுகிறது, மிச்சம் இல்லை.

புகை வந்தால் அது எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் மட்டும் வந்து மறைந்தால் செக் வால்வைப் பாருங்கள், டைமரையும் பாருங்கள். குளிரில் தொடங்கி இன்ஜின் சூடாகும்வரை நீடித்தால் ஹோஸ் விட்டமோ இழுக்கும் பக்கமோ போதவில்லை. நீண்ட ஓட்டத்துக்குப் பின், சூட்டில் மட்டும் வந்தால் கியர் நழுவல், வோல்ட் குறைவு, ரப்பர் என்ற வரிசையில் தேடுங்கள். அதிக பூஸ்டில் மட்டும் வந்தால் நுரைக் கணக்கு போதவில்லை, அல்லது கிராங்க்கேஸின் அழுத்தமே தொட்டியைப் பின்னோக்கித் தள்ளுகிறது. டர்போவைக் கழற்றுவது இவை எல்லாவற்றுக்கும் அப்புறம்தான்.

முதல் ஆயில் மாற்றத்தின்போது வலை வடிகட்டியைத் திறந்து பாருங்கள். மினுங்கும் துகள் இருந்தால் அது பேரிங்கிலிருந்தா, பம்பின் கியரிலிருந்தா என்று தெரிந்துகொள்ளும்வரை மேற்கொண்டு ஓட்டாதீர்கள். ஒன்றும் இல்லையென்றால், அதே சமயத்தில் சூட்டில் பம்பின் ஆம்ப்பை மீண்டும் அளந்து, மேஜைச் சோதனையில் குறித்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்தடுத்த ஆயில் மாற்றங்களில் அந்த எண் ஏறிக்கொண்டே போனால் கியரோ பேரிங்கோ இறுகத் தொடங்கிவிட்டது, பம்பை மாற்றிவிடுங்கள்.